தெருவிளக்கின் கீழே நிறுத்தினால் பானட்டில் சிலந்தி வலை: எந்த மெழுகு போடுவது?

கருநீலம்:

ஆறு வருடப் பழைய கார், கருநீல நிறம். நிழலில் நிற்கும்போது குறை சொல்ல முடியாது. இரவில் தெருவிளக்கின் கீழே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பானட்டில் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் பாலிஷ் போட்டுத் தந்தார்கள். வண்டி கைக்கு வந்தபோது கண்ணாடிபோல் இருந்தது. நான்காவது முறை கழுவியதும் வலை பழையபடி வந்துவிட்டது. சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று ஒரு டப்பா கார்னோபா மெழுகு வாங்கி, சென்ற ஞாயிறு வெயிலில் வைத்து வண்டி முழுவதும் தாராளமாகப் பூசினேன். அது காய்ந்து இறுகி, துடைக்கத் துடைக்க வரவில்லை. தோள்பட்டை வலிதான் மிச்சம். பளபளப்பு கூடியது உண்மை, ஆனால் வலை அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்குப் பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

கார்னோபாவை விட்டுவிட்டு, செயற்கை மெழுகுபோலப் பூசும் சின்தெடிக் சீலன்டுக்குப் போகலாமா, அல்லது ஒரேயடியாக, பூசியதும் இறுகிக் கெட்டிப்படும் செராமிக் கோட்டிங்கா? எதைப் போட்டால் இந்த வலை ஒழியும்?

நுரைவாளி:

மூன்றில் எதைப் போட்டாலும் ஒழியாது. மெழுகு மேலே மூடுவது, பாலிஷ் தேய்த்து எடுப்பது. டப்பாக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. கீறல் உங்கள் பெயிண்டின் மேலடுக்கான கிளியர் கோட்டில் இருக்கிறது. அதன் மேல் எதைப் பூசினாலும் கீறல் உள்ளே பத்திரமாக இருக்கும்.

சர்வீஸில் போட்டது பெரும்பாலும் நிரப்பி கலந்த சரக்காக இருந்திருக்கும். அது கீறலின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து ஒளியை ஏமாற்றும். நாலு முறை ஷாம்பு பட்டால் கரைந்துவிடும். நீங்கள் சொன்ன கணக்கும் அதுதானே?

நான்கு விஷயம் சொல்லுங்கள். எதைக் கொண்டு துடைக்கிறீர்கள்? கீறலின் குறுக்கே நகத்தை இழுத்தால் மாட்டுகிறதா? மெழுகு துடைத்த துணியில் நீல நிறம் ஒட்டியதா? கழுவிக் காய்ந்த பானட்டின் மேல், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும்.

கருநீலம்:

துணியில் நிறம் ஒட்டவில்லை. நகமும் மாட்டவில்லை, ஓட்டுநர் பக்கக் கைப்பிடிக்குக் கீழே உள்ள ஒரே ஒரு கோட்டில் மட்டும் மாட்டுகிறது. பையை மாட்டிக்கொண்டு தடவினேன். வழவழப்பானது என்று நான் நினைத்திருந்த பானட் உப்புத்தாள்போல் இருக்கிறது! கூரை அதைவிட மோசம்.

துடைப்பது பற்றி: தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். ஆறு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பவன் என்ற பெருமை வேறு.

நுரைவாளி:

வலையைப் பின்னிய சிலந்தி அகப்பட்டுவிட்டது. தூசி என்பது பொடி மணல். காய்ந்த துணியால் அதைத் தினமும் பெயிண்டின் மேல் இழுத்திருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இங்கே சொல்லப்போவது எல்லாம் வீண்.

பழைய தெளிப்பான்:

முப்பது வருடம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவன். இப்போது ஓய்வு. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலையில் அடித்து வரும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் கனம்தான் இருக்கும். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அதாவது மயிரிழையைவிட மெல்லிய அடுக்கிலிருந்துதான் நீங்கள் ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறீர்கள். வெயிலிலிருந்து கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் அந்த அடுக்கேதான். சில மைக்ரானுக்கு மேல் எடுத்தால் இன்று பளபளக்கும், சில வருடத்தில் கூரை பொருக்குவிட்டு உரியும். அப்படி உரிந்த வண்டிகள் நிறைய என்னிடம் வந்திருக்கின்றன. அதற்குப் பாலிஷ் கிடையாது, மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

ஆகவே நகம் மாட்டும் அந்த ஒரு கோட்டைத் துரத்தாதீர்கள். மற்றவை மேலோட்டமானவை, போகும். துணியில் நிறம் ஒட்டவில்லை என்பதால் உங்களுடையது கிளியர் கோட் உள்ள வண்டி என்றே எடுத்துக்கொள்ளலாம். கிளியர் கோட் இல்லாத பழைய பாணிப் பெயிண்டாக இருந்தால் துணி நீலமாகியிருக்கும்.

சொரசொரப்புக்குக் களிமண் கட்டி. கிளே பார் என்று கேட்டால் தருவார்கள். வழுக்குத் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று ஒலிக்கும், பிறகு அடங்கிவிடும். அடங்கினால் அந்த இடம் முடிந்தது. கட்டி தரையில் விழுந்தால் எடுக்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

அரைவட்டம்:

ஐயா சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் ரோட்டரி மெஷின், அதாவது ஒரே அச்சில் சுழலும் பாலிஷ் மெஷின், இரவல் வாங்கி, அதில் மாட்டும் கம்பளிப் பட்டையும், பாலிஷைவிட அதிகம் சுரண்டும் காம்பவுண்டுமாக இறங்கினேன். பானட்டின் நடுவே ஒரு மடிப்புக் கோடு ஓடுமல்லவா, அந்த முனையில் இரண்டு விநாடி கூடுதலாக நின்றுவிட்டேன். கிளியர் கோட் போய், நிறம் போய், அடிப்பூச்சான சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது. விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், சூடும் அங்கேதான் சேரும் என்பதைப் பிறகுதான் படித்தேன். கையாலேயே தேய்த்துக்கொள்ளுங்கள் நண்பரே, பாதுகாப்பானது.

பழைய தெளிப்பான்:

கையால் ஒரு கதவைத் தேய்க்கலாம், முழு வண்டியைத் தேய்க்க முடியாது. அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும், முடிவில் வலைக்குப் பதில் கோடுகள் நிற்கும். ரோட்டரி பழகாதவர் கைக்கு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டூயல் ஆக்‌ஷன் மெஷின் வேறு ரகம். சுழன்றுகொண்டே அச்சிலிருந்து விலகியும் ஆடும், அதனால் ஒரே இடத்தில் சூடு எளிதில் சேராது. அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், அதுவே ஒரு காவல். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஓரங்களிலும் ஒட்டுங்கள், வெள்ளைத் திட்டு மறுபடி வராது.

பானட்டில் அரை மீட்டர் சதுரத்தை டேப்பால் கட்டி அங்கே மட்டும் சோதித்துப் பாருங்கள். மென்மையான பாலிஷிலும் மென்மையான நுரைப் பட்டையிலும் தொடங்குங்கள். போதவில்லை என்றால் பட்டையை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அப்போதும் போதாவிட்டால்தான் காம்பவுண்ட்.

கருநீலம்:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், கைவலியோடும் நல்ல செய்தியோடும்.

முதலில் கிளே. பானட்டை முடிக்கும்போது வெளிர் மஞ்சள் கட்டி காப்பிக்கொட்டை நிறமாகியிருந்தது. ஒரு முறை கை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து ஊதிப் பார்த்தேன், ஐயா நினைவுக்கு வந்தார், குப்பையில் போட்டேன்.

சதுரம் கட்டி, பட்டையில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு பாலிஷ் வைத்து, மெஷினை ஓடவிடும் முன் மேற்பரப்பில் தடவிக்கொண்டு, ஒரு கோட்டின் பாதி மீது அடுத்த கோடு விழுமாறு மெதுவாக ஓட்டினேன். மென்மையான பட்டையில் வலை பாதி கலைந்தது. நடுத்தரப் பட்டைக்கு மாறியதும் ஆறு ஓட்டத்தில் போய்விட்டது. நிரப்பியின் ஏமாற்றோ என்ற சந்தேகத்தில், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மூன்று நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். டேப்புக்கு இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் டார்ச்சின் ஒற்றைப் புள்ளி. அப்படியே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

வண்டி முழுக்க முடிக்க மூன்று நாள் மாலைகள் ஆயின. காம்பவுண்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. இப்போது பழைய கேள்வியைக் கேட்கலாமா? மேலே எதைப் போட?

நுரைவாளி:

இப்போது தாராளமாகக் கேட்கலாம்.

கார்னோபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து உதிர்த்தெடுக்கும் மெழுகு. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும், இயற்கை மெழுகுகளில் கடினமானது. ஆனால் டப்பாவில் இருப்பது எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்த்துக் குழைத்தது. அடர் நிற வண்டி வெயிலில் நின்றால் சில வாரங்களில் தேய்ந்துவிடும். அழகில் அதை அடிக்க ஆளில்லை, கருநீலத்துக்கு ஓர் ஆழம் தரும். சின்தெடிக் சீலன்ட் நான்கைந்து மாதம் நிற்கும், பளபளப்பு கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும். செராமிக் வருடக் கணக்கில் நிற்கும். ஆனால் கீழே கீறலை விட்டுவிட்டுப் போட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். தவறாகக் காய்ந்த இடத்தை மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கழுவும் பழக்கம் மாறாதவருக்கு அது வீண் செலவு.

நானாக இருந்தால் சீலன்ட். அது வெற்றுப் பெயிண்டைத்தான் பிடிக்கும், அதனால் முதலில் அது. ஒரு நாள் விட்டு, மிச்சமிருக்கும் கார்னோபாவை ஆசைக்கு மேலே பூசிக்கொள்ளுங்கள். நிழலில், பானட் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது, மூச்சுவிட்டால் கண்ணாடியில் படியுமே, அந்த அளவு மெல்லியதாக. விரலால் ஒரு கோடு இழுங்கள். இழுத்த இடம் தெளிவாக இருந்தால் துடைக்கலாம். இழுவினால் காத்திருங்கள்.

கழுவ இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புக்குக் கொண்டுபோக வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், மெழுகைப் பிடுங்கிவிடும்.

கருநீலம்:

சீலன்ட் போட்டாயிற்று. பம்பரின் வெள்ளைத் திட்டுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. ஷாம்பு, பிரஷ் எதற்கும் மசியவில்லை.

அரைவட்டம்:

பென்சில் அழிப்பான். சிரிக்காதீர்கள், தேய்த்துப் பாருங்கள்.

கருநீலம்:

போய்விட்டது! மகளின் பெட்டியிலிருந்து எடுத்த அழிப்பான் பாதியாகிவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது.