ஐந்து பேனல், இரண்டு கால்: பழைய ‘பம்ப் இட் அப்’ ஆடியவர்கள் சொல்லுங்கள்

திரையில் வரும் அம்புக்கு ஏற்பத் தரையிலுள்ள பேனலைக் காலால் மிதித்து ஆடும் டான்ஸ் கேம் என்றால் எல்லாரும் டிடிஆரையே (‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’) சொல்கிறார்கள். 1999-ல் கொரியாவின் ஆண்டமிரோ கொண்டுவந்த ‘பம்ப் இட் அப்’ பற்றித் தமிழில் ஒரு வரிகூடக் கண்ணில் படுவதில்லை. டர்போ, கிளான், நோவாசோனிக் என்று அந்தக் காலக் கொரியப் பாப் முழுக்க அதில் இருந்தது. கேமுக்கு இசையமைத்த பன்யா குழு பீத்தோவனையே ஆட வைத்தது!

டிடிஆரில் முன், பின், இடம், வலம் என நான்கு அம்பு. நடுவில் வெறும் இடம். பம்ப்பில் நான்கு மூலையும் நடுவும் பேனல். மேல் இரண்டும் சிவப்பு, கீழ் இரண்டும் நீலம், நடு மஞ்சள். அந்த மஞ்சள்தான் ஆட்டத்தின் உயிர். சும்மா நிற்க இடமே கிடையாது, இடுப்பு திரும்பியே ஆக வேண்டும்.

புதிதாக ஆடுபவர்களுக்கு ஒரு பயிற்சி: கீழ்-இடது (இடது கால்), நடு (வலது), மேல்-வலது (இடது), கீழ்-வலது (வலது), நடு (இடது). மூன்றாவது அடியில் உடம்பு வலப்பக்கம் திரும்பும், திரும்பட்டும். திரும்பப் பயந்து நேராகவே நின்றால் நடு, மேல்-வலது, கீழ்-வலது மூன்றையும் வலது காலே மிதிக்க வேண்டி வரும். நிமிடத்துக்கு 150 பீட் பாட்டில் அரை பீட்டுக்கு ஓர் அடி என்றால் நொடிக்கு 5 அடி. ஒரே கால் தாங்காது, மிஸ் (தவறிய அடி) விழும்.

———

திரும்புவது பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கூடவே ஒன்று: மூன்று அம்பு ஒன்றாக வந்தால் மிரள வேண்டாம். நடுவும் ஒரு மூலையும் ஒட்டியே இருப்பதால் ஒரே பாதம் இரண்டையும் அழுத்தும். குதிகால் நடுவில், விரல்கள் மூலையில். எடையை விரல் பக்கமே சாய்த்தால் நடு விழாது. பாதம் முழுக்கத் தட்டையாக இறங்க வேண்டும்.

அழுத்தியே வைக்க வேண்டிய நீள அம்பில் கால் தவறினாலும் விட்டுவிடாதீர்கள். மறுபடி மிதித்தால் மிச்சம் எண்ணப்படும். ஹாஃப் டபிள் (ஒருவரே இரண்டு மேடையிலும் ஆடும் முறை) ஆடுபவர்கள் இரண்டு மேடைக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரு நடுப் பேனலும் உள்பக்க நான்கு மூலையும் சேர்த்து ஆறுதான் கணக்கு.

———

வீட்டில் ஸ்டெப்மேனியாவில் (கணினியில் ஆடும் இலவச டான்ஸ் கேம்) ஆட நினைப்பவர்களுக்கு: மேட் வாங்கும்போது நடுவில் சென்சார் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டிடிஆர் மேட்டில் மூலைகள் பட்டனாக வேலை செய்யும், நடு பெரும்பாலும் வெறும் படம்தான். பம்ப் பாட்டைப் போட்டால் மஞ்சள் அம்பு எல்லாம் மிஸ்.

மெத்து மேட் தரையில் நகரும். 4 அடிக்கு 3 அடி பிளைவுட் பலகையில் இரட்டைப் பக்க டேப் போட்டு நான்கு ஓரமும் நடுவும் ஒட்டுங்கள். ஆணி மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் இரண்டு மின் படலத்தையும் துளைத்துவிடும். அந்தப் படலங்களைப் பிரித்து வைப்பது நடுவிலுள்ள ஓட்டை போட்ட ஃபோம். அது நசுங்கினால் பேனல் மிதிக்காமலே அழுத்தியபடி கிடக்கும். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் படலம் விரிசல் விட்டு, அங்கே மிதி பதியாது. சுருட்டித்தான் வைக்க வேண்டும். சாக்ஸ் வழுக்கும், வெறுங்கால் நல்லது.

———

மேட் நன்றாக இருந்தும் ‘பெர்ஃபெக்ட்’ (தாளத்துக்குச் சரியாக விழுந்த அடி) வரவில்லையா? டிவியைப் பாருங்கள். பழைய ஆர்கேடில் (கேம் கூடம்) இருந்தது குழாய்த் திரை, படம் உடனே வரும். இன்றைய டிவி படத்தை மெருகேற்றிவிட்டுத் தாமதமாகக் காட்டுகிறது. கேம் மோடில் வையுங்கள், புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வயர் போடுங்கள். பிறகு ஸ்டெப்மேனியாவில் எளிய பாட்டு ஒன்றில், எஃப்6-ஐ அழுத்தி அழுத்தி ‘ஆட்டோசிங்க் மெஷின்’ (தாமதத்தைத் தானே அளந்து சரிசெய்யும் வசதி) வரும்வரை போய், பாட்டு முடியும்வரை தாளம் பிசகாமல் மிதியுங்கள். கஷ்டமான பாட்டில் செய்தால் உங்கள் தடுமாற்றத்தையும் தாமதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கெடுத்துவிடும். மிச்சம் இருக்கும் சின்ன வித்தியாசத்தை ஷிஃப்ட்டுடன் எஃப்11, எஃப்12 தட்டிச் சரிசெய்யலாம்.