ஏலத்துல பழைய கோல்செஸ்டர் லேத் வருது, எடுக்கலாமா? (டர்பன்)

சாட்ஸ்வர்த்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறைய மூடுறாங்க, உள்ள இருக்கிற மெஷின் எல்லாம் வர்ற வியாழக்கிழமை ஏலத்துக்கு வருது. அதுல ஒரு கோல்செஸ்டர் ஸ்டூடன்ட் லேத் (இரும்பு கடைசல் மெஷின்) இருக்கு, தலை உருண்டையா இருக்கிற பழைய இங்கிலாந்து மாடல், போட்டோல பச்சை பெயின்ட் பளபளன்னு இருக்கு. அப்பா டோங்காட் பக்கம் கரும்பு மில்லுல பிட்டரா இருந்தவரு, அவரு பக்கத்துல நின்னு லேத் ஓட்ட கத்துக்கிட்டேன், ஆனா ஏலத்துல எதையும் வாங்கினது இல்ல. பம்ப் ஷாஃப்ட், புஷ் (ஷாஃப்ட் உள்ள சுத்துற உருளை) மாதிரி சின்ன வேலை செய்யணும், அப்புறம் நம்ம கோயில் ரதத்துக்கு சக்கர புஷ் தேஞ்சு ஆட்டம் குடுக்குது, அடுத்த காவடிக்குள்ள அத நானே கடைசல் பிடிச்சு மாட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. கையில மொத்தம் 35,000 ராண்ட் இருக்கு. வீட்டுல சிங்கிள் பேஸ்தான். புதன்கிழமை போய் பாக்க விடுறாங்க. என்னத்த பாக்கணும்னு சொல்லுங்க.

பழைய_பிட்டர்:
தம்பி, முதல்ல அந்த பச்சை பெயின்ட மறந்துடு. பெயின்ட் அடிக்க ஒரு நாள் போதும், தேஞ்ச பெட்ட, அதாவது அடியில இருக்கிற நீள இரும்புத் தடத்த, சரி பண்ண கிரைண்டிங்குக்கு அனுப்பணும், அதுக்கு ஆகுற காசுல இன்னொரு லேத்தே வந்துடும். அதனால புதன்கிழமை போறப்ப ஒரு டார்ச், டயல் கேஜ் (சின்ன அசைவையும் முள்ளுல காட்டுறது), ஒரு இன்ச் நேர் ராடு, துடைக்க துணி, இத கையோட கொண்டு போ, அங்க கரன்ட் குடுக்க மாட்டாங்க, பெரும்பாலும் வயர வெட்டியே வெச்சிருப்பாங்க, எல்லாம் கையாலதான் பாக்கணும்.

பெட் எப்பவும் வேலைய பிடிச்சு சுத்துற சக் பக்கத்துலதான் தேயும், ஏன்னா வேலை முக்கால்வாசி அங்கதான் நடக்குது, எதிர் முனையில, டெயில்ஸ்டாக் பக்கம் கடைசி அரை அடி புதுசு மாதிரியே இருக்கும். சக் பக்கம் கேரேஜ (வெட்டுற டூல தாங்கி பெட் மேல ஓடுற வண்டி) கொண்டு வந்து, லாக்க லேசா இழுக்கிற அளவுக்கு மட்டும் முறுக்கிட்டு, அப்படியே டெயில்ஸ்டாக் பக்கமா வீல சுத்திட்டு போ. வழியில இறுகி நின்னுடுச்சுன்னா அந்த அளவுக்கு சக் பக்கம் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் கனமா போனா பரவால்ல, அந்த வயசு மெஷின்ல அது இல்லாம இருக்காது. அப்புறம் துணியால எண்ணெய துடைச்சிட்டு கேரேஜ் ஓடாத ஓரத்துல இருந்து ஓடுற இடத்துக்கு குறுக்கால நகத்தை இழுத்துப் பாரு, படி மாதிரி தட்டுச்சுன்னா யோசிக்கணும்.

அடுத்தது ஹெட்ஸ்டாக், சக்க சுத்துற கியர் இருக்கிற தலைப்பக்கம். ராட சக்குல பிடிச்சு டயல வெச்சு, ராட மேல தூக்கிப் பாரு, முள்ளு தாவுனா பேரிங் போச்சு, இல்ல அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப் போச்சு. எல்லா ஸ்பீடுலயும் போட்டு சக்க கையால முழு சுத்து சுத்து, ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடத்துல டக்குனு தட்டினா பல்லு உடைஞ்சிருக்கு. பழைய கியருக்கு இங்க பல்லு தேடி அலையணும், இல்லன்னா வெட்டச் சொல்லணும், அது சின்ன செலவு இல்ல. மரை வெட்டுறப்ப கேரேஜ லீட் ஸ்க்ரூவோட (கேரேஜ இழுக்கிற நீள ஸ்க்ரூ) கோக்கிற ஹாஃப் நட்ட போட்டு, ஆட்டம் இருக்கான்னு கேரேஜ முன்ன பின்ன ஆட்டிப் பாரு. டூல குறுக்கால நகத்துற கிராஸ் ஸ்லைடு கைப்பிடி பத்து தௌ, பதினஞ்சு தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) சும்மா சுத்துதுன்னா அதுக்காக விட்டுடாத, அந்த நட்ட நீயே பண்ணிக்கலாம்.

லீட் ஸ்க்ரூ இன்ச்சா மில்லியான்னு கேட்டு வை. இன்ச்னா மில்லி மரை சரியா வெட்ட 127 பல்லு கியர் வேணும், ஒரு இன்ச்சுக்கு 25.4 மில்லிங்கிறதால அந்த நம்பர் இல்லாம கணக்கு நேரா வராது. அந்த கியர் மெஷின் கூடவே இருக்கான்னு கதவத் திறந்து பாரு.

ஏலக்_கணக்கு_அக்கா:
தம்பி மெஷின பத்தி அண்ணன் சொல்லிட்டாரு, காச பத்தி நான் சொல்றேன், நான் இந்த பேப்பர் வேலைதான் பாக்கறேன். நீ கை தூக்கற விலை நீ கட்டற விலை இல்லப்பா. கமிஷன் 10 சதவீதம்னு வை, அதுக்கு மேல எல்லாத்துக்கும் 15 சதவீதம் வாட். 28,000-க்கு ஏலம் கேட்டா 30,800 ஆகும், வாட்டோட 35,420. உன் கைக்காசு அங்கயே தீந்துடும், லாரிக்கு என்ன பண்ணுவ? 24,000-ல நிறுத்திக்க, அது 30,360 வரும். இந்த நம்பர உள்ளங்கையில எழுதிட்டு போ, ஏலம் சூடு பிடிச்சா மனசு ஓடிடும்.

விதிமுறைய முழுசா படி. எல்லாம் ஃபுட்ஸ்டூட்ஸ்தான், அதாவது இருக்கிறது இருக்கிறபடி, வீட்டுக்கு கொண்டு வந்து பல்லு உடைஞ்சிருக்குன்னு சொன்னா ஒண்ணும் நடக்காது. சில லாட்டுக்கு (ஏலத்துல ஒரு நம்பர் போட்டு விக்கிற பொருளுக்கு) சுத்தியல் தட்டி முடிச்சாலும் சொந்தக்காரர் ஒத்துக்கிட்டாதான் உனக்கு. ஐடி, அட்ரஸ் புரூஃப், டெபாசிட் எல்லாம் முந்தியே குடுத்து பேர் பதியணும். எத்தன நாளுக்குள்ள எடுக்கணும்னு கெடுவையும் பாரு, தாண்டினா தினமும் வாடகை.

இன்னொண்ணு, சக், ஸ்டெடி (நீள வேலைய தாங்கிப் பிடிக்கிறது), ஃபேஸ் பிளேட் (வேலைய போல்ட் போட்டு மாட்டுற தட்டு) எல்லாம் லேத்தோட சேந்ததுன்னு நினைச்சுக்காத. தனி லாட்டா பிரிச்சு வைப்பாங்க. எத்தன பேரு அத கவனிக்காம வெறும் லேத்த ஏத்திட்டு போறாங்கன்னு நான் பாத்துட்டே இருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

பைன்டவுன்_வயரிங்:
சிங்கிள் பேஸ் பிரச்சினை இல்ல ப்ரோ, விஎஃப்டி (சிங்கிள் பேஸ த்ரீ பேஸா மாத்தி மோட்டருக்கு குடுக்கிற டிரைவ்) போட்டுக்கலாம். ஆனா மோட்டர் பிளேட்ட போட்டோ எடுத்துட்டு வாங்க. 230/400-ன்னு போட்டிருந்தா மோட்டர் வயர ஸ்டார்ல இருந்து டெல்டா கனெக்‌ஷனுக்கு மாத்தி கட்டினா போதும். பழைய மோட்டர்ல மூணு வயர் மட்டும் வெளிய வந்தா உள்ள ஸ்டார் ஜாயின்ட்ட பிரிச்சு எடுக்கணும், ரீவைண்டிங் தெரிஞ்ச ஆளு செஞ்சுடுவாரு. மோட்டர் ரெண்டு ஸ்பீடா இருந்தா எனக்கு எழுதுங்க, அது வேற கதை.

கராஜ்_மைஃபோர்ட்:
கராஜுக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய மெஷின், மைஃபோர்ட் எம்எல்7 ஒண்ணு தேடுங்க. 1946-லருந்து வந்த மாடல், சீரியல் நம்பர் கே எழுத்துல ஆரம்பிக்கும், ரெண்டு பேரு சேந்து தூக்கி பெஞ்சுல வெச்சிடலாம், மோட்டரும் சிங்கிள் பேஸ்.

பழைய_பிட்டர்:
நல்ல மெஷின்தான், நானும் அதுல வேலை பாத்திருக்கேன். ஆனா சென்டர் ஹைட் (பெட்டுல இருந்து சக் நடு வரைக்கும் உயரம்) மூணரை இன்ச், ரத புஷ்ஷ எல்லாம் பிடிச்சா திணறும். தம்பிக்கு ஸ்டூடன்ட்தான் சரி. தம்பி, தூக்கறப்ப பெல்ட்ட பெட்டுக்கு அடியில போடு, லீட் ஸ்க்ரூ மேல பட்டுச்சுன்னா வளைஞ்சிடும். கேரேஜ டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளி லாக் பண்ணு, கனம் முழுக்க தலைப்பக்கம் இருக்கு, இல்லன்னா கவுந்துடும். அரை டன் கவுந்தா காலு போயிடும், பக்கத்துல யாரையும் நிக்க விடாத.

சாட்ஸ்வர்த்_பையன்:
எடுத்தாச்சு! புதன்கிழமை அப்பாவையும் கூட்டிட்டு போனேன். சக்குல இருந்து ஒரு அடிக்குள்ள நகம் லேசா தட்டுச்சு, கேரேஜ் கடைசி பக்கம் கனமா போச்சு ஆனா நிக்கல. அப்பா டயல் எதையும் தொடல, ஹெட்ஸ்டாக் மேல ஒரு கைய வெச்சுக்கிட்டு இன்னொரு கையால சக்க மெதுவா சுத்திக்கிட்டே இருந்தாரு, எட்டு ஸ்பீடும் போட்டுப் பாத்துட்டு "பல்லு எல்லாம் இருக்குடா"ன்னாரு.

அக்கா, நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. நாலு ஜா சக், ரெண்டு ஸ்டெடி, 127 கியர் எல்லாம் மூலையில ஒரு மரப்பெட்டியில வேற லாட் நம்பர் ஒட்டி கிடந்துச்சு, பெட்டி மேல ஹோஸ் பைப்ப சுத்திப் போட்டிருந்தாங்க, தூக்கிப் பாக்கலன்னா தெரிஞ்சே இருக்காது. லேத் 22,500, பெட்டி 1,200, கமிஷன் வாட் எல்லாம் சேத்து 29,980. உங்களுக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் போதாது. மோட்டர்ல 230/400-ன்னுதான் இருக்கு, ஒரே ஸ்பீடு.

இப்ப கராஜுல நிக்குது. லெவல் பண்ணாம வெட்டினா பெட் முறுக்கி டேப்பரா வரும்னு அப்பா ஸ்விட்ச தொடவே விடல. சாட்ஸ்வர்த், ஷால்கிராஸ் பக்கம் யாருகிட்டயாவது மெஷினிஸ்ட் லெவல் (ரொம்ப துல்லியமான மட்டம்) இருந்தா சனி ஞாயிறு மட்டும் இரவல் குடுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.