ஆர்எக்ஸ்-8க்கு 87 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா இல்ல 93 தானா? மைலேஜ் 14-ஐ தாண்ட மாட்டேங்குது

ஜெர்சி_ராசா:

எல்லாருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். மூணு மாசம் முன்னாடி ஒரு 2005 மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கினேன், ஆறு கியர் மேனுவல், 78 ஆயிரம் மைல் ஓடுனது. வாங்காதடான்னு பத்து பேர் சொன்னாங்க, பதினோராவதா வீட்லயும் சொன்னாங்க, ஆனா டெஸ்ட் டிரைவ்ல அந்த ஆர்பிஎம் முள்ளு 9000-ஐ நோக்கி போறத பாத்த பிறகு எனக்கு எதுவும் காதுல விழல.

இப்ப பிரச்னை மைலேஜ். கேலனுக்கு சிட்டில 16 மைல், ஹைவேல 22-னு கவர்மெண்ட் கணக்கு சொல்லுது, எனக்கு 14 தான் வருது, ஒரு டேங்க்ல 13.6 கூட வந்துச்சு. ஊர்ல இருந்து அப்பா போன்ல "லிட்டருக்கு எவ்ளோப்பா குடுக்குது"ன்னு கேட்டாரு, கணக்கு போட்டு "ஆறுப்பா"ன்னேன், "அறுபதா?"ன்னாரு, "இல்லப்பா ஆறு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அதுக்கு ஒரு லாரி வாங்கிருந்தா லோடாவது அடிச்சிருக்கலாமே"ன்னுட்டு அம்மாகிட்ட போன குடுத்துட்டாரு.

இப்ப வரைக்கும் 93, அதாவது பிரீமியம் தான் போடுறேன். ஆபீஸ்ல ஒருத்தர், பழைய ஆர்எக்ஸ்-7 வச்சிருந்தவரு, ரோட்டரிக்கு (பிஸ்டனுக்கு பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற இன்ஜின், ரெண்டு கார்லயும் அதான்) 87 தான் சரி, பிரீமியம் மெதுவா எரியும், பாதி எரியாம சைலன்சர் வழியா போயிடும், அதான் மைலேஜ் விழுதுங்கிறாரு. இன்னொருத்தர் 87 போட்டா ஒரே மாசத்துல ஏபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையில இருக்கற சீல்) காலிங்கிறாரு. ஓனர்ஸ் மேனுவல பாத்தா 91 போடு, 87-ம் போடலாம், பெர்ஃபார்மன்ஸ் கொஞ்சம் குறையும்னு ரெண்டு பக்கமும் பேசுது. கேலனுக்கு கிட்டத்தட்ட ஒரு டாலர் வித்தியாசம் வருது, வாரம் ஒரு டேங்க் அடிக்கிறேன். யாரு சொல்றத கேக்கறது?

ரோட்டரி_கிறுக்கன்:

வாங்க ராசா, நம்ம ஜாதில ஒருத்தர் கூடிட்டாரு. நான் 11 வருஷமா ஆர்எக்ஸ்-8 வச்சிருக்கேன், ரெண்டாவது இன்ஜின் ஓடுது.

முதல்ல ஆக்டேன்னா என்னன்னு தெளிவாக்கிடுவோம், பாதி சண்டை அதுலதான் வருது. ஆக்டேன் நம்பர் பெட்ரோலோட சக்தியும் இல்ல, எரியிற வேகமும் இல்ல. அமுக்கி சூடாக்கும்போது பிளக் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே தானா பத்திக்காம எவ்ளோ தாங்கும்ங்கிறதுதான் அந்த நம்பர். 87-லயும் 93-லயும் ஒரு கேலனுக்குள்ள இருக்கற எனர்ஜி ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால "பிரீமியம் மெதுவா எரியும், பாதி வெளிய போயிடும்"ங்கிறது கத. இருபது வருஷமா சுத்திட்டு இருக்குற கத, ஆனா கததான்.

அப்ப 93 போட்டா மைலேஜ் ஏறுமான்னா, அதுவும் பெருசா இல்ல. ஆர்எக்ஸ்-8ல இருக்கற ரெனெசிஸ் இன்ஜின் கம்ப்ரெஷன் 10-க்கு 1, டர்போ கிடையாது. ரோட்டரியில காத்து உள்ள வர்ற இடம் வேற, எரியிற இடம் வேற, கொதிக்கிற எக்ஸாஸ்ட் வால்வுன்னு ஒண்ணு எரியிற எடத்துல நடுவுல உக்காந்திருக்காது, அதனால டர்போ இல்லாத ரோட்டரி சுலபத்துல நாக் ஆகாது, அதாவது பெட்ரோல் தானா பத்திக்காது. அப்படியே ஆனாலும் நாக் சென்சார் இருக்கு, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க் டைமிங்க கொஞ்சம் பின்னாடி தள்ளிடும். மேனுவல் சொல்ற "கொஞ்சம் குறையும்" அதுதான். உங்க ஆபீஸ் நண்பர தப்பு சொல்ல முடியாது, டர்போ இல்லாத பழைய ஆர்எக்ஸ்-7க்கு கம்பெனியே 87 தான் சொல்லுச்சு, அவரு அந்த பழக்கத்துல பேசுறாரு, காரணம் மட்டும் தப்பு.

2017-ல ஏஏஏ, இங்க கார் ஓட்டுறவங்க சங்கம், ஒரு டெஸ்ட் பண்ணாங்க, பிரீமியம் "ரெகமண்டட்"னு மட்டும் போட்டிருக்குற கார்கள எடுத்து ரெண்டு பெட்ரோலும் போட்டு ஓட்டி பாத்தாங்க. மைலேஜ் சராசரியா 2.7 சதவீதம் ஏறுச்சு, பவர் 1.4 சதவீதம். அதுல ரோட்டரி எதுவும் இல்ல, இருந்தாலும் உங்க 14-ல 2.7 சதவீதம்னா அரை மைல் கூட வராது. பிரீமியத்துக்கு குடுக்குற கூடுதல் காசு அதுல திரும்ப வராது.

14 வர்றதுக்கு காரணம் பெட்ரோல் கெடையாதுங்கிறேன். எவ்ளோ தூரம் ஓட்டுறீங்க, காலைல ஸ்டார்ட் எப்படி இருக்கு, பெட்ரோல் வாட அடிக்குதா, பிளக்குக்கு கரண்ட் குடுக்கற இக்னிஷன் காயில் கடைசியா எப்ப மாத்துனது? இத சொல்லுங்க முதல்ல.

எஃப்டி_பாண்டி:

கிறுக்கன் சொல்றது ஆர்எக்ஸ்-8க்கு சரி. ஆனா இத படிச்சுட்டு எவனாவது எஃப்டியில, அதான் டர்போ வச்ச மூணாம் தலைமுற ஆர்எக்ஸ்-7ல, 87 அடிச்சிடாதீங்க சாமி. என்கிட்ட இருக்கறது 1993 மாடல் ஆர்எக்ஸ்-7, 13பி-ஆர்இடபிள்யூ இன்ஜின், ரெண்டு டர்போ. பூஸ்ட்ல ஒரே ஒரு நாக் போதும், ஏபெக்ஸ் சீல் ஒடஞ்சு ஹவுசிங்க கீறிட்டு டர்போ வழியா வெளிய போகும், போற வழியில டர்பைன் வீலயும் பதம் பாத்துட்டு போகும். எனக்கு நடந்திருக்கு, செலவ இங்க எழுதுனா வீட்ல படிச்சிடுவாங்க. டர்போ இருந்தா 93, பேச்சே இல்ல.

மதுரக்காரன்:

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டு மைலேஜ் கேக்குறது நம்ம ரத்தத்துலயே இருக்குப்பா 😂 விண்வெளிக்கு ராக்கெட் விட்டாலும் லிட்டருக்கு எவ்ளோன்னுதான் கேப்போம்.

ஒரு சந்தேகம், 1.3 லிட்டர் இன்ஜின்தானே, எங்க ஊரு சின்ன கார் இன்ஜின் சைஸு, அது ஏன் இப்படி குடிக்குது?

ரோட்டரி_கிறுக்கன்:

1.3-ங்கிறது கணக்கு வெளாட்டு. 654 சிசி சேம்பர், ரெண்டு ரோட்டர், பெருக்குனா 1.3. ஆனா ஒவ்வொரு ரோட்டருக்கும் மூணு பக்கம் இருக்கு, ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்துனா ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவ வெடிக்கும். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான். அதனால காத்து இழுக்கற கணக்குல இது 2.6 லிட்டர் இன்ஜினுக்கு சமம்.

அதுக்கு மேல குடிக்கிறதுக்கு காரணம் அந்த சேம்பரோட வடிவம். உருண்டையா இல்லாம நீளமா தட்டையா பெல்ட் மாதிரி இருக்கும், எரியும்போதே நகர்ந்துட்டும் இருக்கும். நம்ம அம்மா வாயகன்ற தட்டுல குழம்ப ஊத்துனா எவ்ளோ சீக்கிரம் ஆறிடும், அதே குழம்பு சொம்புல இருந்தா சூடு நிக்கும்ல, அதே கததான். சூடு சுவத்துக்கு போயிடுது, ஓரத்துல இருக்கற மிக்ஸ்சர் முழுசா எரியாம நின்னுடுது. அதான் ஒரு ரோட்டருக்கு ரெண்டு பிளக் வச்சிருக்காங்க, லீடிங், ட்ரெய்லிங்னு. இது போதாதுன்னு, அமெரிக்க எமிஷன் விதிக்காக கேட்டலிட்டிக் கன்வர்ட்டர (புகைய சுத்தம் பண்ற பாகம்) காப்பாத்த ட்யூனிங்க ரிச்சா, அதாவது பெட்ரோல் கூட போற மாதிரி மாத்தி, 247-னு சொன்ன ஹார்ஸ்பவர 2003-ல 238-ன்னு எறக்குனாங்க, காரே வேணாம்னா திருப்பி எடுத்துக்கறோம்னு கூட கம்பெனி சொல்லுச்சு. ஹைவேல ஆறாவது கியர்ல 70-ல போனாலும் 3500 ஆர்பிஎம் பக்கம் ஓடிட்டே இருக்கும், அப்புறம் எங்க மிச்சம் ஆகும்.

ஜெர்சி_ராசா:

அண்ணா ரொம்ப நன்றி. கேட்டதுக்கு பதில்: ஆபீஸ் 4 மைல், போக வர அவ்ளோதான், வீக்கெண்ட்ல மட்டும் கொஞ்சம் ஹைவே. காலைல ஸ்டார்ட் ஆகறதுக்கு அஞ்சு ஆறு செகண்ட் சுத்துது. பெட்ரோல் வாட அடிக்குது, ரோட்டரின்னா அப்படித்தான் இருக்கும்னு வித்தவர் சொன்னாரு நானும் நம்பிட்டேன். 3000 ஆர்பிஎம்ல லேசா ஒரு தயக்கம் இருக்கு. செக் இன்ஜின் லைட் எதுவும் இல்ல. காயில் எப்ப மாத்துனதுன்னு தெரியல.

டெக்சாஸ்_மாமா:

தம்பி, காயில் தான். கண்ண மூடிட்டு மாத்துங்க. நாலு காயில், நாலு பிளக், வயரு, சேத்து ஒண்ணா. ஆர்எக்ஸ்-8ல காயில் 30 ஆயிரம் மைல்ல வலுவெழந்துடும், லைட்டெல்லாம் எரியாது, ஸ்பார்க் மட்டும் மெல்ல மெல்ல குறையும். எரியாத பெட்ரோல் நேரா கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல போயி அங்க எரியும், அது உருகி அடச்சிக்கும், அடச்சா சூடு இன்ஜினுக்கே திரும்பும், அப்புறம் சீல் போகும். அந்த வாடய "அப்படித்தான்"னு விட்டதுல இன்ஜின எழந்தவங்க நெறய பேரு. பிளக் மாத்தும்போது லீடிங்கயும் ட்ரெய்லிங்கயும் மாத்தி போட்டுடாதீங்க, ரெண்டும் வேற வேற.

அப்படியே ரோட்டரி கம்ப்ரெஷன் டெஸ்டர் வச்சிருக்கற கடைல ஒரு டெஸ்ட் எடுங்க. சாதாரண டெஸ்டர்ல அளந்தா பிரயோஜனம் இல்ல, ரோட்டருக்கு மூணு மூணா ஆறு நம்பர் தனித்தனியா வரணும்.

நான் ரெண்டு வருஷம் நோட்டு போட்டு எழுதுனவன். 87-ல ஆறு டேங்க், 93-ல ஆறு டேங்க். 17.2, 17.5. அந்த வித்தியாசம் வெயில்லயும் டிராஃபிக்லயும் காணாம போயிடும். நான் சாதாரண நாள்ல 87, டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில்ல மட்டும் 93.

இன்னொண்ணு, ஜெர்சியில நீங்களே பம்ப் புடிக்க முடியாதுல்ல, அட்டெண்டர் கிளிக் ஆனப்புறமும் ரவுண்டா டாலர் வர்ற வரைக்கும் அமுக்குவான். ஒரு தடவ அரை கேலன் கூட போனா அந்த டேங்க் கணக்கே தப்பாயிடும். மூணு நாலு டேங்க் சேத்து கணக்கு போடுங்க.

எஃப்டி_பாண்டி:

4 மைல் ஓட்டுறதும் ஒரு காரணம். இன்ஜின் சூடேறுற வரைக்கும் ரிச்சா ஊத்திட்டே இருக்கும், சூடேறும்போது நீங்க ஆபீஸ்ல. அப்புறம் குளிர்ந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ணி கார ரெண்டடி நகத்திட்டு உடனே ஆஃப் பண்ணிடாதீங்க, பெட்ரோல்ல பிளக் நனஞ்சு ஃப்ளட் ஆயிடும், திரும்ப ஸ்டார்ட் ஆகாது, தெருவே வேடிக்க பாக்கும். வாரத்துக்கு ஒரு தடவ நல்லா சூடான பிறகு 9000 வரைக்கும் இழுங்க, கார்பன் சேராது. இது ஒண்ணுதான் இந்த கார்ல டாக்டரே எழுதி குடுக்குற சந்தோஷம்.

ஜெர்சி_ராசா:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன். காயில், பிளக், வயர் எல்லாம் மாத்தியாச்சு. பழைய காயில்ல ஒண்ணு வெடிச்சு போயிருந்துச்சு. ஸ்டார்ட் இப்ப ஒரே சுத்துல, பெட்ரோல் வாட போச்சு, 3000-ல அந்த தயக்கமும் இல்ல. கம்ப்ரெஷன் ஆறு நம்பரும் லிமிட்டுக்கு மேல இருக்கு, பின் ரோட்டர்ல மட்டும் ஒண்ணு கொஞ்சம் இளச்சிருக்கு. நாலு டேங்க் சராசரி 16.8, ரெண்டு 93, ரெண்டு 87, எனக்கு வித்தியாசம் தெரியல. இனிமே 87 தான்.

அப்பாகிட்ட ஏழுன்னு சொன்னேன். "பரவால்ல, ஒண்ணு ஏறிருக்கு"ன்னாரு.

டெக்சாஸ்_மாமா:

சந்தோஷம் தம்பி. ஆயில் லெவல் பாத்தீங்களா?

ஜெர்சி_ராசா:

ஆயிலா? நாலு மாசம் முன்னாடி வாங்கும்போது மாத்துனதுதானே மாமா, அடுத்த சர்வீஸுக்கு இன்னும் டைம் இருக்கே.

ரோட்டரி_கிறுக்கன்:

ஐயோ ராசா. யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டிருக்கீங்களா, அதுல டூ-டி ஆயில தனியா ஊத்துவோமே, பம்ப் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடும்ல? இதுலயும் அதே மாதிரி ஒரு பம்ப் இருக்கு, ஏபெக்ஸ் சீலுக்கு ஆயில் விட்டு எரிச்சுடும், எடுக்கறது உங்க இன்ஜின் ஆயில்ல இருந்துதான். ரெண்டு டேங்குக்கு ஒரு தடவ டிப்ஸ்டிக் பாக்கணும். போனை வச்சுட்டு கீழ போய் இப்பவே பாருங்க.

ஜெர்சி_ராசா:

பாத்தேன். குச்சி நுனில மட்டும் இருக்கு. ஆயில் வாங்க கெளம்பிட்டேன், வீட்டம்மா கார்ல.