எஸ்டேட் வார்டில் வறுமையை எப்படி அளப்பது? மாநிலக் கணக்கு ஒத்து வரவில்லை

தேவிகுளத்தான்:
பஞ்சாயத்துத் திட்டத்துக்காக வார்டு வாரியாக வறுமைக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். கையில் இருப்பது நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு மட்டும். 2019-21இல் கேரளம் முழுக்க 0.55 சதவீதம். 1,200 பேர் உள்ள வார்டுக்கு இதைப் போட்டால் ஆறேழு பேர்தான் ஏழை. பாதி வீடு ஒற்றை அறை லயமாக (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கும் இடத்தில் இதை எப்படி எழுதுவது? 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பை எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
அப்படிப் பெருக்கவே கூடாதுங்க. அந்தக் குறியீட்டுக்கு அடிப்படை தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகள். மாவட்டத்துக்குச் சராசரி 900. ஓர் இடத்தைத் தேர்ந்தால் அங்கே சுமார் 22 வீடு பார்ப்பார்கள். உங்கள் வார்டில் ஒரு வீட்டுக்கும் போகாமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். போயிருந்தாலும், 22இல் 2 வீடு ஏழை என்று வந்தால் உண்மை நிலவரம் 1 சதவீதமாகவும் இருக்கலாம், 29 ஆகவும் இருக்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் மதிப்பெண் போடும் முறை. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றுக்கும் சம எடை. வாழ்க்கைத்தரத்தில் ஏழு கேள்வி, ஒவ்வொன்றும் 21இல் ஒரு பங்கு. மொத்தம் 33.33 சதவீதத்தைத் தொட்டால்தான் ஏழை. ஒரு லயத்து வீட்டைப் போட்டுப் பாருங்கள்: விறகடுப்பு, பல வீட்டுக்குப் பொதுவான கக்கூஸ், தண்ணீர் எடுத்து வர அரை மணிக்கு மேல். மூன்றும் சேர்ந்து 14.3. வீட்டில் ஒருவருக்குச் சத்துக்குறைவு என்றால் இன்னும் 16.7. ஆக 31. ஏழை இல்லை!

கல்வியும் அப்படித்தான். பத்து வயதுக்கு மேற்பட்ட ஒரே ஒருவர் ஆறு வருடம் பள்ளி போயிருந்தால் அந்தக் கேள்வியில் மொத்தக் குடும்பமும் பாஸ். இந்த ஊரில் அது இல்லாத வீடு எங்கே? ஓர் அறையில் எத்தனை பேர், சொந்தமாக நிலம் உண்டா என்பதெல்லாம் குறியீட்டில் கிடையவே கிடையாது.

பீர்மேடு லயம்:
2011 கணக்கெடுப்பும் லயத்துக்குக் கை கொடுக்காது. அது பார்க்கும் ஏழு குறைகளில் முதலாவது, மண் சுவரும் ஓலைக் கூரையும் போலக் கச்சாவாக உள்ள ஒற்றை அறை வீடு. லயத்துச் சுவர் செங்கல் அல்லது கல், கூரை தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ். அந்த வரையறையில் இரண்டும் ‘பக்கா’. ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்தாலும் குறை விழாது. ஏழாவது குறை, நிலமில்லாமல் உடலுழைப்புக் கூலியை நம்பும் குடும்பம். மஸ்டரில் (எஸ்டேட் வருகைப் பதிவேடு) பேர் உள்ள நிரந்தரத் தொழிலாளியை ‘தற்காலிகக் கூலி’ என்று எழுதுவதா என்பதிலேயே குழப்பம். போதாக்குறைக்கு, வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால் நேரடியாக நீக்கம்.

தேவிகுளத்தான்:
அப்போ 2021இல் கேரள அரசு எடுத்த அதிதாரித்ரிய (மிகக் கொடிய வறுமை) லிஸ்ட்? அதில் எங்கள் வார்டில் இரண்டே குடும்பம்.

கணக்குப்பிள்ளை:
அது வேறு வேலைக்கான பட்டியல், அண்ணே. உணவு, உடல்நலம், வருமானம், இருப்பிடம் நான்கையும் பார்த்துக் கதியற்ற குடும்பங்களைத் தேடினார்கள்; மாநிலம் முழுக்க 64,006. அதில் இல்லாதவர் எல்லாம் ஏழை இல்லை என்று அர்த்தமாகாது.

பேசாமல் வீடு வீடாக எண்ணுங்கள். 350 வீடு என்றால் மாதிரி எடுப்பதே வீண். கேரள மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் பழைய முறை நல்ல அச்சு: ஒன்பது கேள்வி, நான்கு ஒத்து வந்தால் ஏழை. எடை கிடையாது, அயல்கூட்டத்திலேயே (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) கூட்டிப் பார்த்துவிடலாம். அதோடு லயத்துக்கான கேள்விகள் சேருங்கள்: ஓர் அறைக்கு எத்தனை பேர், ஒரு கக்கூஸுக்கு எத்தனை வீடு, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் வேலை, ரிட்டயர் ஆனால் போக வேறு இடம் உண்டா. எத்தனை குறை இருந்தால் ஏழை என்பதைக் கணக்கெடுக்கும் முன்பே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். எண் வந்த பிறகு அந்த எல்லையை நகர்த்தினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வழக்கமாகச் சொதப்பும் இடங்கள்: ஒரே அறையில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம் என்று எழுத வேண்டும், ஒரு கதவு, ஒரு வீடு என்று எழுதிவிடுவார்கள். தேயிலைக் கொழுந்து குறையும் மாதத்தில் கேட்டால் வேலைநாள் ஒரு மாதிரி, சீசனில் வேறு மாதிரி. எந்த மாதம் என்று தாளிலேயே குறியுங்கள். ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளிகள் இங்கே ஓட்டு இல்லாததால் கிராமசபைக் கணக்கிலேயே வரமாட்டார்கள், அவர்களையும் எழுதுங்கள். பத்தில் ஒரு வீட்டை வேறு ஆள் போய்த் திரும்பக் கேட்கட்டும்.

எல்லைக்கணக்கு:
இங்கிலாந்தில் சுமார் 1,500 பேர் கொண்ட சிறு வட்டாரங்களாக நாட்டைப் பிரித்து (2019இல் 32,844) வரிசைப்படுத்துகிறார்கள். வருமானத்துக்கும் வேலைக்கும் தலா 22.5 சதவீத எடை. அரசு உதவித்தொகைப் பதிவேடுகள் இருப்பதால் அவ்வளவு நுணுக்கமாக முடிகிறது. ஆனால் அது வரிசை எண்தான். மிக ஏழ்மையான வட்டாரத்திலும் வசதியானவர் இருப்பார், மிக வசதியான வட்டாரத்திலும் ஏழை இருப்பார். இங்கே அதற்கு ஈடாக அங்கன்வாடி எடைப் பதிவும் ரேஷன் கார்டு நிறமும் கிடைக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் ஏழைகளுக்கான மஞ்சள், பிங்க் கார்டு இல்லை, ஆனால் உங்கள் கணக்கில் ஏழை என்று வந்தால், அந்தப் பெயர்களைத் தனித் தாளில் எடுங்கள். திட்டத்துக்கு உதவப் போவது அந்தத் தாள்தான்.

தேவிகுளத்தான்:
பழைய பட்டியல்களோடு வார்டு எண்ணை வைத்து ஒப்பிடலாமா?

பீர்மேடு லயம்:
கூடாது. 2025 தேர்தலுக்கு முன் எல்லைகளைத் திருத்தினார்கள், வார்டு எண்ணோடு வீட்டு எண்ணும் மாறியிருக்கும். ரேஷன் கார்டு எண்ணை வைத்துப் பொருத்துங்கள். லயத்துக்கு எஸ்டேட் டிவிஷன் பெயர், லைன் எண், கதவு எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.