பேக்ட்ரேஸில் வெறும் முகவரியா? பெயரை வரவைத்த அனுபவங்கள்

புரோகிராம் விழுந்த நொடியின் மெமரிப் பதிவான கோர் டம்ப்பை ஜிடிபி என்ற டீபகரில் திறந்து, எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற பட்டியலான பேக்ட்ரேஸைப் பார்த்தால், எங்கள் கோடில் உள்ள ஃபங்ஷன்களுக்கெல்லாம் பெயர் வருகிறது, லைப்ரரிக்குள் நுழைந்த வரிகளில் மட்டும் நீளமான ஹெக்ஸ் எண்ணும் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறியும். புரோகிராம் விழுந்தது வேறொரு சர்வரில், அங்கே இருந்த லிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) வேறு வெர்ஷன், அதுதான் விஷயம். அந்த சர்வரிலிருந்தே லைப்ரரி ஃபைல்களை, ஃபோல்டர் அமைப்பு மாறாமல், அப்படியே எடுத்து வந்து 'செட் சிஸ்ரூட்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டியதும் பெயர்கள் வந்துவிட்டன. பில்ட் ஐடியை (ஃபைல் உருவாகும்போது அதில் பதியும் அடையாள எண்) இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள், 'ஃபைல்' கமாண்டே காட்டும், பெரும்பாலும் 40 ஹெக்ஸ் இலக்கம் இருக்கும். பொருந்தாத லைப்ரரியைக் கொடுத்தாலும் ஜிடிபி சில நேரம் கூச்சமே இல்லாமல் ஏதோ ஒரு பெயரைக் காட்டிவிடும், நாமும் நம்பி அந்தப் பக்கம் தேடப் போய்விடுவோம்.

அப்புறம் 'இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி' அடித்தால் சில லைப்ரரிகளுக்கு நட்சத்திரக் குறி வரும். ஃபைல் கிடைத்துவிட்டது, முகவரியை சோர்ஸ் வரியோடு இணைக்கும் டீபக் தகவல்தான் இல்லை என்று அர்த்தம். டெபியன் என்றால் லிப்சி6-டிபிஜி பேக்கேஜ் போட்டால் லிப்சிக்குப் போதும். ஜிடிபி 10 முதல் டீபக்இன்ஃபோடி என்ற டீபக் தகவல் சர்வர் வழியாக அதுவே பில்ட் ஐடியை வைத்து இறக்கிக்கொள்ளவும் செய்யும்.

*

விண்டோஸ் பக்கம் எனக்கு நடந்தது இதைவிட எரிச்சலானது, ஏனென்றால் பெயர் வந்தது, தப்பான பெயர். விண்டிபிஜி என்ற விண்டோஸ் டீபகரின் ஸ்டாக்கில் சம்பந்தமே இல்லாத ஒரு என்டிடிஎல்எல் (விண்டோஸின் அடிப்படை லைப்ரரி) ஃபங்ஷன், கூடவே கூட்டல் குறி போட்டு ஆயிரக்கணக்கில் ஆஃப்செட் (அந்தப் பெயரின் முகவரியிலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்). மாட்யூல்களைப் பட்டியலிடும் 'எல்எம்' அடித்தால் அந்த மாட்யூலுக்கு எக்ஸ்போர்ட் சிம்பல்ஸ் என்று இருந்தது. பெயர்களும் முகவரிகளும் உள்ள சிம்பல் ஃபைலான பிடிபி கிடைக்காதபோது டிஎல்எல் வெளியே காட்டும் பெயர்கள் மட்டும்தான் டீபகர் கையில் இருக்கும், உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு, அதற்கு முன்னால் வரும் பெயரை ஒட்டிவிடும். '.சிம்ஃபிக்ஸ்', பிறகு '.ரீலோட் /எஃப்', அவ்வளவுதான், மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து சரியான பிடிபி இறங்கியது. இறங்காவிட்டால் '!சிம் நாய்சி' போட்டுப் பாருங்கள், எங்கெங்கே தேடி ஏமாந்தது என்று வரிவரியாகச் சொல்லும். ஆஃப்செட் அவ்வளவு பெரிதாக இருந்தால் நான் அந்தப் பெயரைப் படிப்பதே இல்லை. அதற்கு வெறும் முகவரியே தேவலை.

*

மேலே சொன்ன இரண்டும் லைப்ரரி தனி ஃபைலாக இருந்தால் சரி. எனக்கு வந்தது ஸ்டாட்டிக்காக லிங்க் செய்து (லைப்ரரி கோடையும் உள்ளேயே சேர்த்து), ஸ்ட்ரிப்பும் செய்த (பெயர்களை நீக்கிய) பைனரி. தேடிப்போக லைப்ரரி ஃபைலே கிடையாது. ஐடிஏ என்ற டிஸ்அசெம்ப்ளரில் ஃப்ளர்ட் சிக்னேச்சர் (தெரிந்த லைப்ரரி ஃபங்ஷன்களின் பைட் மாதிரிகள்) போட்டதும், ஃபங்ஷன் தொடக்கத்து பைட்களை ஒப்பிட்டு, பாதிக்கு மேல் பெயர் வைத்துவிட்டது. அதேபோன்ற கருவியான கிட்ராவில் ஃபங்ஷன் ஐடி இதே வேலையைச் செய்யும். ரொம்பச் சின்ன ஃபங்ஷன்களுக்குப் பெரும்பாலும் வராது, ஒரே மாதிரி பைட்கள் பல ஃபங்ஷன்களில் இருப்பதால் எது எது என்று அதனால் பிரிக்க முடியாது. அவற்றுக்கு நானே கையால் பெயர் கொடுத்துக்கொண்டேன்.