தலைமாட்டில் ஒரு அடை

குழு: நம்ம வீடு (சேலம் – ஏற்காடு)

ஞாயிறு

அக்கா, அம்மாபேட்டை, இரவு 9:12
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளி வகுப்பை விட்டுடலாம்னு இருக்கேன். சித்தி, நீங்களே ஆயர்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சித்தி, அஸ்தம்பட்டி, 9:15
என்னாச்சு கண்ணு? உங்க மாமியாருக்கு எப்படி இருக்கு?

அக்கா, 9:21
இடுப்பு ஆபரேஷன் ஆச்சுல்ல, நடக்க இன்னும் ஆறு வாரம் ஆகும்னாங்க. ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கணும். விடிஞ்சா சமையல், பையன் ஸ்கூல், மத்தியானம் கொலுசு வேலை. பைபிளைத் திறந்தா ரெண்டாவது வசனத்துலயே தூங்கிடறேன். நாலு ஞாயிறு ஆராதனைக்கு வரல. ஒருத்தங்க போன்ல, "இயேசு வீட்டுக்கு வந்தப்ப மரியாள் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டா, நீங்க அவ அக்கா மார்த்தாள் மாதிரி வேலையிலேயே கிடக்காதீங்க"ன்னாங்க. வச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

அக்கா, 9:22
எனக்கே ஒண்ணும் இல்லாதப்ப பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லித்தர்றது?

நான், 9:26
அக்கா, யோவான் 11:5 எடுத்துப் பாருக்கா. இயேசு அன்பா இருந்தவங்களைச் சொல்லும்போது முதல் பேரே மார்த்தாள்தான். மரியாள் பேரு அந்த வசனத்துல வரல, "அவளுடைய சகோதரி"ன்னுதான் இருக்கு. 12ம் அதிகாரத்துல பெத்தானியா விருந்துலயும் மார்த்தாள்தான் பரிமாறுறாங்க. அங்க அவர் ஒரு வார்த்தை குறை சொல்லல. லூக்கா 10லயும் அவர் சொன்னது கவலைப்பட்டுக் கலங்கினதைத்தான்.

அக்கா, 9:28
அந்தக் கலக்கமும் எனக்கு இருக்கே தம்பி

பெரியப்பா, ஏற்காடு, 9:41
பாப்பா, இப்பதான் குடும்ப ஜெபம் முடிச்சோம். மெதுவாத்தான் டைப் பண்ணுவேன், இரு.

பெரியப்பா, 9:52
எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில பாகால்ங்கற பொய்த் தெய்வத்தோட 450 தீர்க்கதரிசிங்க முன்னாடி ஒத்தை ஆளா நின்னவர். அக்கினி இறங்குச்சு, மழையும் வந்துச்சு. அடுத்த அதிகாரத்துலயே யேசபேல் ராணி ஆள் அனுப்பி மிரட்டினதும் பெயெர்செபா வரைக்கும் ஓடறார். அப்புறம் வனாந்தரத்துல ஒரு சூரைச்செடி அடியில உட்கார்ந்து "போதும் கர்த்தாவே"ங்கறார். சாவைக் கேட்டுட்டு அப்படியே தூங்கிப் போறார்.

பெரியப்பா, 10:03
அங்க தேவன் என்ன பண்ணார்னு பாரு. ஏன் ஜெபிக்கலன்னு கேக்கல. தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டுல தழல்ல சுட்ட அடை, தண்ணி. சாப்பிட்டுட்டு எலியா மறுபடி படுத்துட்டார். அதுக்கும் திட்டு விழல. தூதன் ரெண்டாந்தரம் வந்தான். திரும்பவும் சாப்பாடுதான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னான். "இங்கே உனக்கு என்ன காரியம்"னு கர்த்தர் கேட்டதே 40 நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்தப்புறம்.

பெரியப்பா, 10:11
தோட்டத்துல நான் பார்த்ததைச் சொல்றேன். அராபிகா காப்பிச் செடி ஒரு வருஷம் கிளை தாங்காம காய்க்கும். நிழல் பத்தலைன்னா அந்தக் காய்ப்பு முடிஞ்சதும் இலை உதிர்ந்து கிளை நுனியெல்லாம் காஞ்சிடும். புதுசாப் பார்க்கறவங்க செத்துப்போச்சும்பாங்க. நாங்க பிடுங்க மாட்டோம். கவாத்து பண்ணி, எரு வச்சு, சில்வர் ஓக் நிழலை விட்டுவச்சுக் காத்திருப்போம். கோடை மழைக்குத் திரும்பத் துளிர்க்கும்.

பெரியப்பா, 10:12
நீ காய்ச்ச செடி பாப்பா.

அக்கா, 10:19
பெரியப்பா

அக்கா, 10:20
திரும்பத் திரும்பப் படிச்சுட்டிருக்கேன்

சித்தி, 10:24
ஆனா கண்ணு, வகுப்பை ஒரேயடியா விடாத. எலியாவும் அந்தச் செடியடியிலயே இருந்துடல. பிள்ளைங்க உன்னைத்தான் கேக்கறாங்க.

நான், 10:26
ஆறு வாரம் வகுப்பை நான் எடுக்கறேன். அதுக்கப்புறம் அக்கா வரட்டும். ஆயர்கிட்டயும் நானே சொல்லிடறேன்.

பெரியப்பா, 10:33
நான் ஒருத்தன்தான் மிச்சம்னு எலியா ரெண்டு தடவை சொன்னார். கர்த்தர் பாகாலைக் கும்பிடாத 7000 பேரை வச்சிருந்தார். கூட நடக்க எலிசாவையும் குடுத்தார். இந்தக் குரூப்ல 14 பேர் இருக்கோம். பாப்பா இத்தனை நாள் தனியா முழிச்சிருக்கா, நம்ம யாருக்கும் தெரியல. எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

பெரியம்மா, ஏற்காடு, 10:37
காலைல முத பஸ்சுக்கே இறங்கி வர்றேன். 20 வளைவுக்கும் தலை சுத்தும், பரவால்ல. பெரியப்பா பெட்டியை எடுத்து வச்சுட்டார். ஒரு வாரம் ராத்திரி மாமியாரை நான் பார்த்துக்கறேன்.

சித்தி, 10:39
அடுத்த வாரம் நான்.

பெரியம்மா, 10:41
சின்னதுல இந்தக் கதை கேட்டப்ப, தூதன் நம்ம வீட்டுப் பருப்பு அடையைத்தான் சுட்டான்னு நெனச்சேன். முருங்கைக்கீரை இங்க பறிக்க முடியாது, அம்மாபேட்டைல வாங்கி வை தம்பி.

செவ்வாய்

அக்கா, காலை 6:48
நேத்து ராத்திரி 10 மணிக்குப் படுத்தவ இப்பதான் எழுந்தேன். ஒரு தடவைகூட முழிக்கல. தலைமாட்டு ஸ்டூல்ல தட்டு மூடி இருக்கு. அடை. பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி.

பெரியப்பா, 6:50
சாப்பிட்டியா?

அக்கா, 6:57
சாப்பிட்டேன் பெரியப்பா. கீரை போட்ட அடை, ரெண்டு.

பெரியப்பா, 6:58
மறுபடி படு பாப்பா.