பவரா, ஸோனா: என்எஃப்எல் ஓட்டத்துக்கு எது பலம்?

ஒருவெட்டு:
அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு, பவர் உட்பட எந்தத் தடுப்பு முறையும் ஸோன் பிளாக்கிங்கை மிஞ்சாது என்பது என் கட்சி. முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் லைனில் உள்ள ஐந்து பேரும் ஒரே பக்கமாகச் சேர்ந்து அடியெடுத்து வைக்கிறார்கள். தன் பகுதிக்குள் எவர் வந்தாலும் அவரைத் தடுக்க வேண்டும். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் பக்கவாட்டில் ஓடியபடியே பார்த்து, வழி திறக்கும் இடத்தில் ஒரே வெட்டு வெட்டி முன்னேறுவார். டென்வர் பிராங்கோஸில் அலெக்ஸ் கிப்ஸ் பயிற்றுவித்தது இதைத்தான். புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாவது சுற்றில் எடுத்த டெரல் டேவிஸ் 1998இல் 2,008 யார்டு ஓடினார். அவர் காயம்பட்ட பிறகு, 1999இல் ஒலாண்டிஸ் கேரி 1,159 யார்டு, 2000இல் மைக் ஆண்டர்சன் 1,487 யார்டு. ஆள் மாறினாலும் ஓட்டம் நிற்கவில்லை.

இழுகார்டு:
டென்வர் லைன்காரர்கள் எதிராளியின் காலடியில் விழுந்து சாய்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே. ஒருவர் மேலே பிடித்திருக்க, இன்னொருவர் காலைத் தட்டும் சாப் பிளாக்கை 2016இல் லீக் முழுதாகத் தடை செய்துவிட்டது.

பவரில் கணக்கு நேரடியானது. ஓட்டம் போகும் பக்கத்து லைன்காரர்கள் எதிராளிகளை உள்பக்கமாக அழுத்துவார்கள். ரன்னிங் பேக்குக்கு முன்னால் ஓடித் தடுக்கும் ஃபுல்பேக் விளிம்பில் நிற்கும் எதிராளியை வெளியே தள்ளுவார். மறுபக்கத்து கார்டு (லைனின் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவர்) லைனுக்குப் பின்னால் சுற்றிவந்து இடைவெளியில் நுழைந்து, எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கரை இடிப்பார். மோதும் இடத்தில் நமக்கு ஓர் ஆள் கூடுதல். ஜோ கிப்ஸின் வாஷிங்டன் அணி கார்டு, லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் இருவரையுமே இப்படிச் சுற்றிவர இழுத்து, கவுண்டர் ட்ரே என்ற ஓட்டத்தை ஆடியது. 1988 ஜனவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் அந்த அணியின் டிம்மி ஸ்மித் 204 யார்டு ஓடினார். அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அதற்கு முன் அவர் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடக்க வீரராக ஆடியதில்லை. ஆள் மாறினாலும் ஓடும் பெருமை ஸோனுக்கு மட்டும் சொந்தமில்லை.

நாலாம்டவுன்:
2019 பிப்ரவரி சூப்பர் பௌலை இருவரும் விட்டுவிட்டீர்களே. ஷான் மெக்வேயின் ராம்ஸ் அணி அந்த சீசன் முழுக்க ஓட்டத்தை விளிம்பை நோக்கிக் கொண்டுபோகும் வெளிப்பக்க ஸோனை நம்பி ஓடியது. எதிரணியான பேட்ரியாட்ஸ் தன் லைனில் ஆறு பேரை நிறுத்தியது. ஒவ்வொரு லைன்காரர் முன்பும் ஒருவர் நின்றால், இருவர் சேர்ந்து ஓர் எதிராளியைத் தள்ளிவிட்டு ஒருவர் லைன்பேக்கரிடம் போகும் ஸோன் உத்தி எப்படி நடக்கும்? ராம்ஸின் ரன்னிங் பேக் டாட் கர்லி 10 முறை ஓடி 35 யார்டு. ஆட்டம் 13-3, வென்றது பேட்ரியாட்ஸ்.

ஒருவெட்டு:
அது ஒரே ஓர் இரவு. அதை வைத்து முறையையே தள்ளிவிட முடியாது. 2020இல் டென்னசி டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி 2,027 யார்டு ஓடியது பெரும்பாலும் வெளிப்பக்க ஸோனில்தான். அவ்வளவு கனமான ஆளுக்கு பவர்தான் சரி என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம், பூட்லெக் இருக்கிறது. லைன் மொத்தமும் ஒரு பக்கம் நகர, பந்தை வீசும் குவாட்டர்பேக் மறுபக்கம் உருண்டுபோய் வீசுகிறார். ஓட்டமும் வீச்சும் முதல் இரண்டு அடியில் ஒன்றுபோலவே தெரியும். லைன்பேக்கர் தயங்கியே ஆக வேண்டும்.

இழுகார்டு:
பூட்லெக்கை ஒப்புக்கொள்கிறேன், அங்கே ஸோனுக்கு நிகரில்லை. ஆனால் அதே மெக்வே 2023இல் என்ன செய்தார்? ஸோனைக் குறைத்து, எதிராளிகளை நேராக நகர்த்தும் ஓட்டங்களுக்கு மாறினார். ஐந்தாவது சுற்றில் வந்த கைரன் வில்லியம்ஸ் 12 ஆட்டங்களில் 1,144 யார்டு.

ஒருவெட்டு:
மாறினார், சரி. ஆனால் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2011இல் வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு சீசன் நடுவே முழுக் கவசத்தோடு பயிற்சி செய்ய அணிகளுக்குக் கிடைப்பது 14 நாள்தான். சுற்றிவரும் கார்டு முழு வேகத்தில் மோதிப் பழக வேண்டும். ஸோனின் காலடியையோ கவசம் இல்லாமலே தினமும் பழகலாம். இளம் லைன் வைத்திருக்கும் அணிக்கு நான் ஸோனைத்தான் சொல்வேன்.

இழுகார்டு:
இளம் லைனுக்கு நான் பவரைச் சொல்வேன். யாரை இடிக்க வேண்டும் என்பது பந்து நகரும் முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஸோனில் பக்கத்தில் இருப்பவனோடு ஓடியபடியே முடிவெடுக்க வேண்டும். அந்த ஒற்றுமை வர, அதே ஐந்து பேர் காயமில்லாமல் சேர்ந்து ஆட வேண்டும். பதினேழு ஆட்ட சீசனில் அது எத்தனை அணிக்கு வாய்க்கிறது?